இரு சீசன்களுக்கு நடுவே

2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னை சிட்டி வென்றாக வேண்டும்; வெல்லாவிட்டால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிச் செல்லக்கூடும். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்கள வீரரான கௌரவ் போரா அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார். முடிவு 3-1. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றது. புள்ளிப் பட்டியலில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

இதே சென்னை சிட்டி முந்தைய சீசனில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்தது. 18 ஆட்டங்களில் 19 புள்ளி. தொடர் தொடங்கும் முன் இந்த அணியைச் சாம்பியனாகக் கணித்திருக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது தனித்த அதிசயமாக இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2017-18இல், கோப்பை வென்றது மினர்வா பஞ்சாப். அந்த அணி அதற்கு முன் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. அதற்கும் முந்தைய 2016-17இல் வென்றது மிசோரமின் ஐசால்; அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டு, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. காலித் ஜமீலின் பயிற்சியில் 37 புள்ளி எடுத்து, 36 எடுத்த மோகன் பகானை முந்தியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, போன வருடப் பட்டியலை வைத்துக் கணித்தவர்கள் தோற்றார்கள். இங்கிலாந்தில் 2015-16இல் லெஸ்டர் சிட்டி வென்றபோது உலகமே வியந்தது. பந்தயக்காரர்கள் அந்த அணிக்கு 5,000-க்கு 1 என விலை வைத்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு முறை நடந்தது நம் நாட்டில் வரிசையாக மூன்று முறை நடந்திருக்கிறது.

சீசன் தொடங்கும் முன் ஓர் அணியின் பலத்தையும் பலவீனத்தையும் எதை வைத்து எடைபோடுவது? நம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பழகிப்போன வழி ஒன்று உண்டு. போன வருடம் எந்த இடம், இந்த வருடம் எந்தப் பெரிய பெயர் வந்திருக்கிறது, பயிற்சியாளர் எந்த நாட்டுக்காரர் என்ற மூன்றையும் கூட்டி ஓர் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். சாத்தூரில் இருந்துகொண்டு கால்பந்தைப் பின்தொடரும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் முக்கியம். தெற்கே கோவில்பட்டி ஹாக்கி ஊர். கால்பந்துக்குச் சென்னை நேரு அரங்கம் போவதென்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பயிற்சி ஆட்டங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. எண்களையும் செய்திகளையும் வைத்துத்தான் அணியை அறிகிறோம். அப்படியிருக்க, எந்த எண் பேசுகிறது, எந்த எண் மழுப்புகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் புள்ளிப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான ஓர் அணி நூறு ஆட்டங்களில் 40 வெற்றி, 25 டிரா, 35 தோல்வி காணும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அணி 20 ஆட்டம் ஆடினால் சராசரியாக 29 புள்ளி கிடைக்கும். ஆனால் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவரின் ஒரு முடிவு, கடைசி நிமிடத் தவறு எல்லாம் சேர்ந்து அந்த 29ஐ மேலும் கீழும் ஆட்டும். நிகழ்தகவுக் கணக்குப்படி இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 புள்ளி. அதாவது அணியின் திறமையில் ஒரு மாற்றமும் இல்லாமலே அது 23 எடுக்கவும் கூடும், 35 எடுக்கவும் கூடும். மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் அந்த எல்லையையும் தாண்டும்.

இதை நாட்டின் இன்னொரு பெரிய தொடரான இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2022-23 பட்டியலின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றாம் இடம் பிடித்த ஏ.டி.கே. மோகன் பகான் 34 புள்ளி. எட்டாம் இடத்தில் சென்னையின் எஃப்.சி. (சென்னை சிட்டி அல்ல, வேறு கிளப்) 27 புள்ளி. இடைவெளி ஏழே புள்ளி. மூன்றாவதாக வந்த அணி பிளே-ஆஃப் சுற்றில் ஏறிக் கோப்பையையே வென்றது. எட்டாவதாக வந்த அணிக்கு அந்தச் சுற்றே இல்லை. ஆனால் இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிர்ஷ்டத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். இங்கிலாந்து லீக்கில் 38 ஆட்டம். அங்கே அதிர்ஷ்டம் ஓரளவு தேய்ந்து சமமாகிவிடுகிறது. 18, 20 ஆட்டங்களோடு முடிந்த நம் தொடர்களில் அது தேயுமுன் சீசன் முடிந்துவிட்டது. ஆகவே போன வருடம் நான்காவதா ஏழாவதா என்பதற்கு நாம் கொடுக்கும் கனம் அதிகம்.

இப்படிச் சொன்னால், எல்லாமே அதிர்ஷ்டம்தானா என்ற கேள்வி வரும். இல்லை. அதே கணக்குதான் அதையும் காட்டுகிறது. சென்னை சிட்டி ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற நிலையிலிருந்து இரண்டுக்கும் மேல் தாவியது. இவ்வளவு பெரிய தாவலை அதிர்ஷ்டம் தனியாகத் தராது. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையின் எஃப்.சி. 2017-18இல் 18 ஆட்டங்களில் 32 புள்ளி எடுத்தது; அடுத்த சீசனில் அதே 18 ஆட்டங்களில் 9 புள்ளி. 23 புள்ளி சரிவு. இரண்டு சீசனின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தாலும் தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம் 8 புள்ளி அளவில்தான் இருக்கும். இது அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அணியே மாறியிருந்தால்தான் இப்படி நடக்கும். பட்டியலின் நடுப்பகுதியில் நாம் பார்க்கும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தற்செயலின் இரைச்சல். பெரிய தாவல்களும் பெரிய சரிவுகளும் இரண்டு சீசன்களுக்கு நடுவே உள்ள அந்தச் சில மாதங்களில் உருவாகின்றன. எடைபோட வேண்டியது அந்த மாதங்களைத்தான் என்பதே என் வாதம்.

சென்னை சிட்டிக்கு 2018 கோடையில் என்ன நடந்தது? வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது இழப்புதான். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் விருது பெற்றவர். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். எட்டாம் இடத்து அணி தன் நட்சத்திரத்தையும் இழந்திருக்கிறது என்று அன்றைக்கு ஒருவர் எழுதியிருந்தால் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் மறுபக்கம் வந்தவர்களைப் பாருங்கள். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடியவர்கள். ஒருவர் பெயரும் இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே கால்பந்து மரபில் வளர்ந்தவர்கள். ஒரே மொழி பேசுபவர்கள். பந்தைக் காலில் வைத்துச் சிறு சிறு கடத்தல்களாக முன்னேறும் ஒரே பழக்கம் உள்ளவர்கள். பின்களத்தில் ஒருவர், நடுவில் ஒருவர், முன்னால் இருவர் என்று அணியின் முதுகெலும்பு முழுவதும் ஒரே இடத்திலிருந்து வந்தது. அவர்களைச் சுற்றித் தமிழ்நாட்டு இளைஞர்களை நவாஸ் நிறுத்தினார். மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார்.

மான்சி 21 அடிப்பார் என்று அந்தக் கோடையில் யாராலும் அறிந்திருக்க முடியாது. ஆனால் ஒன்றாக வாங்கப்பட்ட நான்கு பேர், தனித்தனியாக நான்கு நாடுகளிலிருந்து வந்து விமான நிலையத்தில் முதன்முதலாகக் கைகுலுக்கும் நான்கு பேரைவிடச் சீக்கிரம் ஓர் அணியாகிவிடுவார்கள் என்பதை ஊகித்திருக்கலாம். குறுகிய தொடரில் முதல் ஐந்து ஆட்டங்கள் கால் பங்கு. அந்தக் கால் பங்கைப் பழகிக்கொள்வதிலேயே செலவழிக்கும் அணி பிறகு ஓடிப் பிடிப்பது கடினம்.

சென்னையின் எஃப்.சி.யின் கதையில் வேறொரு பொறி இருக்கிறது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் சொந்த மண்ணில் பெங்களூருவை 3-2 என வென்று அவர்கள் சாம்பியன் ஆனார்கள். தமிழ்நாட்டில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு மறக்க முடியாத இரவு. ஆனால் லீக் பட்டியலில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் எஃப்.சி. 32. எட்டுப் புள்ளி பின்தங்கிய அணிதான் ஓர் இரவில் கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களில் இரண்டு, பின்கள வீரர் மாய்ல்சன் ஆல்வஸ் கார்னர் பந்தில் தலையால் முட்டியவை. அவை உழைத்துப் பழகிய கோல்கள்தான்; அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் திறந்த ஆட்டத்தில் வாய்ப்புகளை உருவாக்கும் வலிமைக்கு அவை சாட்சி ஆகாது. அந்தக் கோடையில் கேப்டன் ஹென்ரிக் செரெனோ விடைபெற்றார். நடுக்களத்துக்கு அரணாக நின்ற வியாசர்பாடி இளைஞர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் விலகினார். முந்தைய சீசனில் 9 கோல் அடித்திருந்த முன்கள வீரர் ஜெஜே வலையைக் காணத் திணறினார். ‘நடப்புச் சாம்பியன்’ என்ற பட்டத்தின் வெளிச்சத்தில் இந்த ஓட்டைகள் சீசனுக்கு முன் கண்ணில் படவில்லை. அணி கடைசி இடத்தில் முடித்தது.

பழைய கணக்கு செல்லாமல் போவதை எங்கள் வட்டாரத்தில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சென்னை சிட்டியின் அந்த சீசன் தொடங்கிய அதே 2018 அக்டோபரில், 23ஆம் தேதி, பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டுமே, வெடிக்க இரண்டு மணி நேரம். சிவகாசி, சாத்தூர் வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. போன தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்ற கணக்கு நோட்டைப் பார்த்து அடுத்த தீபாவளிக்குச் சரக்குப் போடுவதுதான் தொழிலின் வழக்கம். நடுவில் மூலப்பொருளே மாறிவிட்டால் அந்த நோட்டு எதையும் சொல்லாது. வீரர்களும் பயிற்சியாளரும் மாறிய அணிக்குப் பழைய பட்டியலும் அப்படித்தான்.

இனி, ஆட்கள் அதிகம் மாறாத அணிகளை என்ன செய்வது? அங்கே போன வருடத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இடத்தைப் பார்க்கக் கூடாது, ஆட்டத்தின் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். இதற்குச் சென்னையின் எஃப்.சி.யே தந்த சான்றைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறு லீக்கில் இல்லை. 2020-21, 2021-22, 2022-23 என்று மூன்று சீசன்களிலும் அந்த அணி எட்டாம் இடம். தலைப்புச் செய்தி மட்டும் படித்தவர், மூன்று வருடமாக அணி அப்படியே கிடக்கிறது என்பார்.

உள்ளே போய்ப் பார்ப்போம். சாபா லாஸ்லோவின் பயிற்சியில் 2020-21இல் 20 ஆட்டம்: 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி. அடித்தது 17, வாங்கியது 23. போசிதார் பாண்டோவிச் பொறுப்பேற்ற 2021-22இலும் 20 ஆட்டம், அதே 20 புள்ளி, அதே 17 கோல். ஆனால் 5 வெற்றி, 5 டிரா, 10 தோல்வி, வாங்கியது 35. தாமஸ் பிரதாரிச் வந்த 2022-23இல் 27 புள்ளி. அடித்தது 36, வாங்கியது 37. கோல் வித்தியாசத்தை வரிசையாக வைத்தால் மைனஸ் 6, மைனஸ் 18, மைனஸ் 1.

இவை மூன்று வெவ்வேறு அணிகள். முதலாவது, எளிதில் உடையாத, ஆனால் கோல் அடிக்கத் தெரியாத அணி. அதற்குப் பின்களத்தைத் தொடாமல் ஒரு முன்கள வீரரைத் தேடியிருக்க வேண்டும். படைப்பாளியான ரஃபேல் கிரிவெல்லாரோ சீசன் நடுவே காயத்தில் வெளியேறியதையும் கணக்கில் கொண்டால், அந்த 17 கோலுக்குப் பாதிக் காரணம் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது அணி அடிக்கவும் முடியாமல் தடுக்கவும் முடியாமல் தத்தளித்தது. சீசன் முடியும் முன்பே பாண்டோவிச் போய், நம் ஊர்க்காரர் சையத் சபீர் பாஷா இடைக்காலப் பயிற்சியாளர் ஆனார். வேகமான விங்கர் சாங்டே ஜனவரியிலேயே மும்பைக்குப் போயிருந்தார். அடுத்த சீசனில் அவர் இந்தியாவின் சிறந்த வீரர் ஆனது தனிக்கதை. மூன்றாவது அணி இரு பக்கமும் கோல் மழை பொழிந்த அணி. பிளே-ஆஃப்புக்கு மிக அருகில் இருந்த அணி. மைனஸ் 18 இலிருந்து மைனஸ் 1 என்பது பெரிய ஏற்றம். எட்டாம் இடம் என்ற ஒரே சொல் அதை மூடி மறைத்துவிட்டது.

அதனால் கோல் வித்தியாசம் புள்ளியைவிட நேர்மையான சாட்சி. அதைவிடவும் நேர்மையான ஒன்று, எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கியது, எவ்வளவு நல்ல வாய்ப்புகளை எதிராளிக்குக் கொடுத்தது என்ற கணக்கு. கால்பந்து ஆய்வாளர்கள் ஒவ்வொரு உதைக்கும் ஒரு மதிப்பு வைக்கிறார்கள். எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலாலா தலையாலா என்பதையெல்லாம் பார்த்து, அதுபோன்ற ஆயிரக்கணக்கான உதைகளில் எத்தனை கோல் ஆயின என்று கணக்கிடுகிறார்கள். பெனால்டி நான்கில் மூன்று உள்ளே போகும். எல்லா உதைகளையும் சேர்த்தால் பத்தில் ஒன்றுதான் கோல். இந்த மதிப்புகளைக் கூட்டினால் வருவது எதிர்பார்ப்புக் கோல். அணி அதைவிட அதிகம் அடித்திருந்தால் முன்கள வீரர் அபாரமானவர், அல்லது எதிரணி கோல்கீப்பர்கள் சொதப்பியிருக்கிறார்கள், அல்லது அதிர்ஷ்டம். அந்த உபரி அடுத்த சீசனிலும் அப்படியே வரும் என்று நம்புவது ஆபத்து. பெரும்பாலும் அது கரைந்து சராசரிக்கு இறங்கிவிடும். நிறைய வாய்ப்பை உருவாக்கிக் கோல் அடிக்காமல் போன அணி மேலே வர வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கைத் தனித்து நம்பவும் நான் தயாரில்லை. 2020-21, 2021-22 ஐ.எஸ்.எல். இரண்டும் கொரோனா காரணமாகக் கோவாவில், ஏறக்குறைய முழுவதும் ரசிகர்கள் இல்லாமல் நடந்தவை. எஃப்.சி. கோவாவைத் தவிர வேறு எந்த அணிக்கும் சொந்த மண் என்பதே இல்லை. அந்த இரண்டு வருட எண்களை அப்படியே எடுத்து, சென்னை நேரு அரங்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி.யை எடைபோட முடியாது. இன்னொன்று சீசனுக்கு முன் நடக்கும் டூரண்ட் கோப்பை. 1888இல் தொடங்கிய பழம்பெரும் தொடர். இப்போது பல அணிகளுக்கு அது பயிற்சிக் களம். அதில் இளைஞர் அணியை அனுப்பித் தோற்கும் கிளப்பும், முழு அணியோடு வந்து வெல்லும் கிளப்பும் ஒரே தட்டில் நிற்பதில்லை. முடிவை விட்டுவிட்டு, யார் எந்த இடத்தில் ஆடினார்கள், பயிற்சியாளர் பின்களத்தில் மூவரை நிறுத்துகிறாரா நால்வரை நிறுத்துகிறாரா என்பதைக் கவனித்தால் பயன் உண்டு.

வெளிநாட்டு வீரர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவது நம் மதிப்பீடுகளின் பெரிய குறை என்று நினைக்கிறேன். 2021-22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் எந்த நேரமும் ஏழு இந்தியர்களாவது இருக்க வேண்டும். பதினொன்றில் ஏழு! நல்ல வெளிநாட்டு வீரரைப் பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். நல்ல இந்திய பின்கள வீரர்களும் கோல்கீப்பர்களும் நாட்டில் சிலரே, அவர்களைச் சுற்றித்தான் போட்டி. சென்னையின் எஃப்.சி. 2023இல் அனிருத் தாப்பாவை மோகன் பகானுக்கும், எட்வின் சிட்னி வன்ஸ்பாலை ஈஸ்ட் பெங்காலுக்கும் விட்டுக்கொடுத்தது. இப்படிப்பட்ட இழப்பு ஒரு பிரேசில்காரர் வந்திறங்கும் புகைப்படத்தைப் போலப் பத்திரிகையில் இடம் பிடிப்பதில்லை. நான் ஓர் அணியைப் பார்க்கும்போது முதலில் இந்திய வீரர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாமவர் யார் என்று கேட்கிறேன். முதல் பதினொருவர் எல்லா அணியிலும் ஏறக்குறைய நன்றாகவே இருப்பார்கள். நடுக்கள அரணுக்கு முழங்கால் போனால் அங்கே நிற்கப்போவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அணி, 2018இல் சென்னையின் எஃப்.சி.க்கு நேர்ந்ததைத் தனக்கும் நேரவிடுகிறது.

மதிப்பீட்டை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ஐந்தாம் இடம் என்று ஒற்றை எண்ணாகச் சொன்னால் அது சரியா தவறா என்று மட்டுமே பிறகு கேட்க முடியும். 24 முதல் 36 புள்ளி வரை, காரணம் இவை, இன்னார் காயப்பட்டால் கீழ் எல்லை என்று சொன்னால் எந்தக் காரணம் பொய்த்தது என்று சீசன் முடிவில் தேடிப்பார்க்கலாம். அடிப்படை மாறும்போது கணிப்பையும் மாற்றலாம். 2019-20இல் சென்னையின் எஃப்.சி. முதல் ஆறு ஆட்டங்களில் 5 புள்ளியோடு தடுமாறியது. ஜான் கிரெகரி விலக, ஓவன் காய்ல் வந்தார். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடிக்க, அதே வீரர்களோடு அணி இறுதி ஆட்டம் வரை போய், 2020 மார்ச் 14 அன்று ஏ.டி.கே.யிடம் 3-1 எனத் தோற்றது. வீரர்களின் தரத்தைச் சரியாக எடைபோட்டு, பயிற்சியாளரின் பொருத்தத்தைத் தவறவிட்டவர்களுக்கு அந்த வருடம் நல்ல பாடம்.

எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத பலம் ஒன்று மிச்சமிருக்கிறது: கிளப்பின் பணமும் அமைப்பும். சாம்பியன் ஆன 2019இலேயே சென்னை சிட்டியின் 26 விழுக்காடு பங்கை சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் வாங்கியது. இனி இந்த அணிக்குக் குறையில்லை என்று தோன்றியது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோவையில் கோப்பையைத் தூக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அந்த அணியில் ஆடக் கனவு கண்ட தமிழ்நாட்டுச் சிறுவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2025இல் பணமும் அமைப்பும் பற்றிய அதே கேள்வி ஐ.எஸ்.எல். முழுவதையும் பிடித்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தொடரை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கப்படாததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு, சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட கிளப்புகள் சம்பளத்தையோ செயல்பாட்டையோ நிறுத்தின. முந்தைய இரண்டு ஆண்டுகளில் செப்டம்பரில் தொடங்கிய தொடர் 2026 பிப்ரவரி 14 அன்றுதான் தொடங்கியது. 14 அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு ஒரே முறை. அணிக்கு 13 ஆட்டம். பயிற்சி இல்லாமல் கிடந்த மாதங்கள், கலைந்துபோன வெளிநாட்டு வீரர்கள், பாதியாய்க் குறைந்த அட்டவணை. முன்பு போட்ட கணக்கையே இங்கும் போட்டால், நடுத்தர அணி 19 புள்ளியை எதிர்பார்க்கலாம். அதிர்ஷ்டம் அதை 14க்கும் 24க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிறுத்தும். இப்படிப்பட்ட சீசனுக்கு முன் 14 அணிகளையும் ஒன்று முதல் பதினான்கு வரை அடுக்கி எழுதுவதை நான் செய்ய மாட்டேன். மேலே நான்கு, கீழே மூன்று, நடுவே ஏழு என்று பிரித்து, நடுவிலிருக்கும் ஏழில் எந்த அணிக்குச் சம்பளம் வந்தது, எந்த அணியின் இந்திய வீரர்கள் பிரியாமல் இருந்தார்கள் என்று மட்டும் எழுதுவேன்.